ஆலங்கட்டி பார்த்த கார்

அத்தியாயம் 6

காரின் கூரைமேல் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார் பாஸ்.

"தூக்கம் வந்தா ஆபீஸுக்குப் போயிடலாம் பாஸ். இது அடுத்தவங்க வண்டி," என்றான் லொள்ளு.

பாஸ் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளக் கார் நிறுத்தம் அது. மேலே வரிசையாக எரிந்த டியூப் லைட்டுகள் அந்த நீலக் காரின் கூரையில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி விழுந்திருந்தன. எங்காவது சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தாலும் அந்த இடத்தில் கோடு நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். நெளியவில்லை. கூரையில் இல்லை, பானெட்டில் இல்லை, டிக்கி மூடியிலும் இல்லை.

பாஸ் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து, பொய்களை வார்த்தை பிசகாமல் எழுதி எழுதிச் சலித்துப்போய், வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் வைத்தவர். லொள்ளு அவருடைய உதவியாளன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; வாயைத் திறந்தால் வேறெதுவும் வராததால் இந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பேச்சு நின்றுவிட்டால் யாராவது அழ ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு உண்டு. இந்தத் தொழிலில் அது பெரும்பாலும் நடக்கவும் செய்தது.

காரின் சொந்தக்காரர் தூணில் சாய்ந்து கைகட்டி நின்றிருந்தார். டைல்ஸ் ஷோரூம் மேனேஜர். தன்னைச் சந்தேகப்பட்டு வந்தவர்களுக்கே லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு வழிவிடுகிற மனிதர். தாராளமாகப் பாருங்கள், போலீஸும் பார்த்துவிட்டுத்தான் போனது என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்திருந்தார்.

அவருடைய மனைவி காணாமல் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. வாய்த்தகராறு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள், நான் அன்றைக்கு வீட்டை விட்டு நகரவே இல்லை, வண்டியும் நகரவில்லை என்பது அவர் வாக்குமூலம். வயது வந்த பெண், கோபம் தணிந்தால் வந்துவிடுவாள் என்று போலீஸ் காகிதத்தை மடித்து வைத்துவிட்டது. நம்பாதவர் ஒருவர்தான்: அந்தப் பெண்ணின் அண்ணன். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். தங்கையின் போட்டோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாஸின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, அவள் கோபித்துக்கொண்டால் தன் வீட்டுக்குத்தான் வருவாள், வேறு எங்கேயும் போகத் தெரியாது என்று சொன்னவர். இத்தனைக்கும் பிறகும் அவர் வாயில் அந்த ஆள் 'மாப்பிள்ளை'தான்.

கையில் இருந்தது ஒரே ஒரு நூல். அவள் காணாமல் போன அன்று பிற்பகல், மலைக்கணவாய்க்கு அப்பால் ஏரிச் சாலையில் ஆலங்கட்டி மழை கொட்டியது. நகரத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அந்தச் சாலையிலுள்ள பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் பெண், அம்மை போட்ட முகம் மாதிரி கூரையெல்லாம் குழி விழுந்த ஒரு புது நீலக் கார் வந்ததாகப் போலீஸிடம் சொல்லியிருந்தாள். ஓட்டி வந்தவர் மழைக்கோட்டுத் தொப்பியை இறக்கிவிட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. மின்சாரம் போயிருந்ததால் கேமராவும் இல்லை. பாஸ் அவளிடம் போனில் பேசினார். கார் ஏரிப் பக்கம் போனது என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அன்று முதல் அந்த அண்ணன் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேரே ஏரிக்குப் போய்க் கரையில் நிற்கிறார். மாலையில் பிள்ளைகளை ஏற்றத் திரும்பி வருகிறார்.

அந்தக் கார் இந்தக் கார்தான் என்பதில் பாஸுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தக் கார் கண்ணாடி மாதிரி இருந்தது.

"பட்டி வச்சுப் பெயிண்ட் அடிச்சிருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பெயிண்ட் கனத்தை அளக்கும் சின்னக் கருவியை லொள்ளு காரின் உடம்பு முழுக்க வைத்து எடுத்து முடித்திருந்தான். பட்டி தடவி மறுபடி பெயிண்ட் அடித்த இடத்தில் எண் எகிறிவிடும். இங்கே எல்லா இடத்திலும் கம்பெனியில் பூசிய அதே கனம்.

"ஜுரம் இல்லை பாஸ். நார்மல்," என்றான்.

பாஸ் காருக்குள் தலையை விட்டார். இருக்கைகளில் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருந்தது. கதவுக் கைப்பிடியில் உறை. ஸ்பீக்கரில்கூட மெல்லிய பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் இருந்தது. முன்கண்ணாடிக்கு மேலே, வெயிலுக்கு மடக்கி இறக்கும் இரண்டு மறைப்புகளில் மட்டும் உறை இல்லை. கூரையோரக் கைப்பிடிகளிலும் இல்லை.

வெளியே வந்து, இதை மட்டும் ஏன் கழற்றினீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். ஓட்டும்போது கண் கூசுகிறது என்றார் மேனேஜர். பாஸ் தலையாட்டினார். நன்றி சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் லொள்ளு கேட்டான். "பின்சீட்ல உட்கார்றவங்க பிடிச்சுக்கற கைப்பிடி கூடவா பாஸ் டிரைவர் கண்ணைக் கூசும்?"

"கூரைக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கற துணியைக் கீழே இறக்கணும்னா முதல்ல எதைக் கழட்டணும் சொல்லு."

லொள்ளு நடையை நிறுத்தினான். மறைப்பையும் கைப்பிடியையும்தான்.

பெயிண்டைத் தொடாமலே ஒடுக்கு எடுக்கும் ஆட்கள் உண்டு. தகட்டின் பின்பக்கம் வழியாக வளைந்த கம்பியை விட்டு, பள்ளத்தைக் கடுகளவு கடுகளவாக நெம்பி மேலே கொண்டுவருவார்கள். புது வண்டியாக இருந்தால் இன்னும் வசதி. பெயிண்ட் விறைத்துப்போகாமல் தகட்டோடு சேர்ந்து வளைந்துகொடுக்கும். சாதாரண டிங்கரிங் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தாலும் இந்த வேலை தெரிந்தவர்கள் நகரத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். ஒவ்வொருவரிடமும் போய் இந்தக் காரைப் பார்த்தீர்களா என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் லொள்ளு எல்லாருக்கும் ஒரே கதையோடு போன் போட்டான்: என் வண்டிக் கூரையில் ஆலங்கட்டி விழுந்துவிட்டது, சரி செய்ய முடியுமா?

முதல் ஆள், ஆலங்கட்டியா, எந்த ஊரில் என்று ஆச்சரியப்பட்டார். அடுத்தவர் சிரித்தார். அதற்கடுத்தவர் கொட்டாவி விட்டபடி, "இன்னொண்ணா?" என்றார்.

லொள்ளு போனைக் கையால் பொத்திக்கொண்டு பாஸைப் பார்த்தான். ஆலங்கட்டியே விழாத ஊரில் அது இரண்டாவது கார்.

மாஸ்டர் என்று எல்லாரும் கூப்பிடும் அந்த மனிதரின் கடை, ரயில் பாதையை ஒட்டிய ஒரு நீளமான கொட்டகை. சுவர் முழுக்க விதவிதமான வளைவுகளில் கம்பிகள் தொங்கின. நடுவில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட ஒரு விளக்குப் பலகை. மாஸ்டர் பட்டுப் போன்ற தாடியும் மோதிரமும் வைத்திருந்தார். தன் குரலைத் தானே ரசித்துக் கேட்கிறவர் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது.

பாஸ் சுற்றி வளைக்கவில்லை. யார், என்ன என்று சொன்னார். மாஸ்டரின் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் வேலையைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தால் அதை விடுகிற மனிதர் இல்லை அவர். நீலக் கார் வந்தது உண்மை. பானெட், கூரை, டிக்கி மூடி மூன்றிலும் குழி. எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தது உண்மை. வேலை தொடங்கும் முன் எடுத்த போட்டோக்களை, வண்டி அடிபட்டது தெரிந்தால் பின்னால் விலை போகாது என்று சொல்லி அந்த ஆள் அழிக்கச் சொன்னார், அழித்தாயிற்று.

நீதிமன்றத்தில் வந்து சொல்வீர்களா என்று பாஸ் கேட்டார்.

"சொல்லலாம் மேடம். எதைக் காட்டி நிரூபிக்கறது? பெயிண்ட் அடிச்சா அது ரிப்பேர். நான் பண்றது வேற. பட்ட அடியைத் தகடே மறந்துடும். நானே போய்த் தேடினாலும் எங்கே எடுத்தேன்னு காட்ட முடியாது."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமைதான் இருந்தது. அந்தக் காரின் கூரையை லொள்ளு கண்ணால் பார்த்திருந்தான். இவர் சொல்வது அத்தனையும் நிஜம்.

கூரையும் பானெட்டும் சுலபமாக முடிந்துவிட்டன, உயிரை வாங்கியது டிக்கி மூடிதான் என்று மாஸ்டர் தானாகவே தொடர்ந்தார். பாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிக்கி மூடிக்கு என்ன?

"அங்கே பள்ளம் மட்டும் இல்லை மேடம். புடைப்பும் இருந்தது. உள்ளேருந்து வெளியே."

பள்ளத்தை நெம்பி எடுக்கலாம், புடைப்பை மேலிருந்து பிளாஸ்டிக் முனையை வைத்துத் தட்டித் தட்டித்தான் இறக்க வேண்டும், அது வேறு பொறுமை என்று விளக்கினார். மூடியின் உள்பக்கத்துத் துணிப் பலகையை அந்த ஆளே கழற்றி எடுத்துவிட்டு வண்டியைக் கொண்டுவந்திருந்தார். எப்படி ஆயிற்று என்று கேட்டதற்கு, டிக்கியில் சாமானை அளவுக்கு மீறித் திணித்து அமுக்கி மூடினேன், உள்ளேயிருந்து குத்திவிட்டது என்றாராம்.

பாஸ் ஒரு சாக்குக்கட்டியை எடுத்து நீட்டினார். மாஸ்டர் அங்கே கிடந்த பழைய கதவுத் தகட்டின் மேல் புடைப்புகள் இருந்த விதத்தைப் போட்டுக் காட்டினார். இரண்டு வட்டம் பக்கத்தில் பக்கத்தில். கொஞ்சம் தள்ளி மறுபடி இரண்டு. அதன் மேலேயே ஏறினாற்போல் இன்னும் இரண்டு.

"சாமான் குத்தினா ஒரே இடத்துல குத்தும். இது ஏன் ஜோடி ஜோடியா இருக்கு?" என்றார் பாஸ்.

"ரெண்டு கால் உள்ள சாமானோ என்னவோ," என்றான் லொள்ளு.

வழக்கம்போல் வாய் முந்திக்கொண்டுவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது. வெளியே ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. மாஸ்டரின் கை சாக்குக்கட்டியோடு அந்தரத்தில் நின்றது. அவர் தான் போட்ட வட்டங்களையே பார்த்தார். பெண்பிள்ளையின் குதிகால் அளவு. இத்தனை நாளாக அது அவருக்கு வெறும் வேலையாகத்தான் இருந்தது.

பாஸ் மட்டும் பேசினார். குரல் மாறவில்லை. புடைப்பு இருந்த இடத்தில் ஆலங்கட்டிப் பள்ளம் ஏதாவது இருந்ததா?

மாஸ்டர் தாடியைத் தடவினார். ஒன்று இருந்தது என்றார்.

"அது விசித்திரமா இருந்தது மேடம். பள்ளம் பாதி தானாவே எழும்பியிருந்தது. எனக்கு முன்னாடியே யாரோ உள்ளேருந்து வேலையை ஆரம்பிச்சு வச்ச மாதிரி."

காரில் ஏறிய பிறகு பாஸ் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். எதிர்முனை நீளமாகப் பெருமூச்சு விட்டது. ஒடுக்கு எடுப்பது குற்றமில்லை. ஏரியைப் பார்க்கப் போனேன், மனைவி போன சோகத்தில் சொல்ல மறந்துவிட்டேன் என்று அந்த ஆள் சொன்னால் முடிந்தது. துடைத்துப் போட்ட தகட்டை வைத்துக்கொண்டு எந்த நீதிபதி முன்னால் நிற்பது? இதுதான் பதில். பாஸ் போனை மடியில் வைத்தார்.

"பாதி எழும்பின பள்ளம்னா என்ன அர்த்தம், புரிஞ்சுதா?" என்று லொள்ளுவிடம் கேட்டார்.

அவன் தலையசைத்தான். பள்ளம் முதலில். உதை பிறகு. ஆலங்கட்டி அடித்து முடித்த பிறகும் அவள் உள்ளே உயிரோடு இருந்திருக்கிறாள்.

"மழை நின்ன பிறகு அந்தக் கார் எங்கே நின்னுச்சு?"

அவர்களுக்குத் தெரிந்து, ஒரே இடம்தான்.

பெட்ரோல் பங்க் போகும் வரை லொள்ளு பேசவில்லை. கணவாயில் ஏறும்போது பாஸ்தான் ஒன்று சொன்னார். அந்தப் பெண்ணிடம் கேள்வி மட்டும் கேட்போம். எதற்காகக் கேட்கிறோம் என்று நாமாகச் சொல்ல வேண்டாம். அவள் காதில் ஏதாவது விழுந்திருந்தால் இந்த வழக்குக்கு இருக்கும் ஒரே சாட்சி அவள்தான். ஆனால் அது என்ன சத்தம் என்று தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு அவள் ஆயுசுக்கும் அந்தச் சத்தத்தோடுதான் இருக்க வேண்டும்.

பங்கில் கூட்டமில்லை. அந்தப் பெண் முப்பது வயதைத் தாண்டியவள். சீருடைத் தொப்பிக்குள் முடியை இறுக்கிச் செருகியிருந்தாள். போனில் பேசினவங்களா என்று சிநேகமாகச் சிரித்தாள். ஒரு வேனுக்கு அடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

நீலக் கார் வந்தபோது மழை விட்டிருந்ததா என்று பாஸ் கேட்டார். விட்ட பிறகுதான் வந்தது, தரையெல்லாம் உப்புக்கல் கொட்டின மாதிரி வெள்ளையாக இருந்தது என்றாள். மின்சாரம் போயிருந்ததால் ஜெனரேட்டர் போடும் வரை அந்த ஆளை நிற்கச் சொல்லியிருக்கிறாள். அவர் கிளம்பத் துடித்தார். முள் அடியில் கிடக்கிறது, அடுத்த பங்க் தொலைவு, நடுவழியில் நின்றுவிடுவீர்கள் என்று இவள்தான் இரண்டு மூன்று முறை சொல்லி நிறுத்தி வைத்தாள். வாடிக்கையாளரைக் கவனித்துக்கொண்ட திருப்தியோடுதான் அதைச் சொன்னாள்.

அப்போது ஏதாவது சத்தம் கேட்டதா?

"ஆலங்கட்டி மிச்சம் மீதி விழுந்துட்டு இருந்ததுங்க. டப்பு டப்புனு. ரெண்டு ரெண்டா."

பாஸ் அண்ணாந்து பார்த்தார். லொள்ளுவும் பார்த்தான். பெட்ரோல் போடும் இடம் முழுவதையும் மூடிக்கொண்டு, இரண்டு லாரிகள் அக்கம்பக்கமாக நிற்கலாம் போன்ற அகலத்தில், தலைக்கு மேலே தகரக் கூரை.

போனில் கேட்டால் மேலே கூரை இருப்பது தெரியாது.

அவர்கள் பார்ப்பதை அந்தப் பெண்ணும் பார்த்தாள். பிறகு அவளும் தலையைத் தூக்கினாள். தினமும் அதன் அடியில்தான் நிற்கிறாள். இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பவள் போல வெகு நேரம் பார்த்தாள். கூரை விளிம்பிலிருந்து சறுக்கி விழுந்திருக்கும் என்று ஆரம்பித்தாள். விளிம்பு எங்கே இருக்கிறது, கார் எங்கே நின்றது என்று அவள் கண்ணே அளந்தது. ஆரம்பித்ததை முடிக்கவில்லை.

"அவர் பாட்டுப் போட்டார்," என்றாள் பிறகு. "கரண்ட் இல்லாம போரடிக்குதுன்னு சொல்லி, சத்தமா வச்சார். வெளியே நின்னுட்டுப் பாட்டு எதுக்குன்னு நினைச்சேன்."

அவள் பாஸின் பக்கம் திரும்பினாள்.

"அந்த வண்டிக்குள்ள யாராவது இருந்தாங்களா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் லொள்ளு ஒரு பொய்யைத் தேடினான். உறுதியாகத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தான். பாஸ் முந்திக்கொண்டார்.

"இருந்தாங்கம்மா."

அந்தப் பெண் பெட்ரோல் பம்பின்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். பாஸ் அவள் தோளைத் தொடப் போனார்; அவள் வேண்டாம் என்பதுபோல் விலகி, அந்தக் கார் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எதையோ மனதுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. கடைசியில் சொன்னபோது சத்தமே எழவில்லை.

"நான் பேசறப்பல்லாம்தான் அந்தச் சத்தம் வந்துச்சு. நான் நிறுத்தினா நின்னுடும். பொம்பளைக் குரல் கேக்குதுன்னு உதைச்சிருக்காங்க."

லொள்ளு திரும்பிக்கொண்டு சாலையைப் பார்த்தான். ஒரு சைக்கிள் போனது. பாஸ், கிளம்பிய பிறகு அந்தக் கார் ஏரிப் பக்கம்தானே போனது என்று கேட்டார். போனிலும் இதையே கேட்டிருந்தார். ஆமாம், அந்தப் பக்கம்தான் என்று அவள் சொல்லியிருந்தாள். இப்போது அவள் கையை நீட்டிக் காட்டினாள். அந்தப் பக்கம்தான். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் சாலை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ஏரி. கார் வலது பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே வீடு, கடை ஒன்றும் கிடையாது. கல் எடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட ஒரு குவாரி மட்டும்தான். பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. இத்தனை வருஷத்தில் அதன் ஆழத்தை யாரும் அளந்து பார்த்ததில்லை.

பாஸ் கண்ணை மூடித் திறந்தார். இத்தனை நாளாக ஒரு மனிதர் தப்பான கரையில் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

அந்தப் பெண் உள்ளே போய் யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். தொப்பியைக் கழற்றியிருந்தாள்.

"எங்கே வந்து சொல்லணும்?"

பாஸ் அவளை உடனே அழைத்துப் போய்விடவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று விளக்கினார். அந்த ஆளின் வக்கீல் கூண்டில் வைத்துக் கேள்வி கேட்பார். சத்தம் கேட்டதே, ஏன் டிக்கியைத் திறக்கச் சொல்லவில்லை என்று எல்லார் முன்னாலும் கேட்பார். இதையெல்லாம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இத்தனையும் பட்ட பிறகும் வழக்கு நிற்குமா என்பது தெரியாது. காணாமல் போனவள் திரும்பி வரப்போவதில்லை என்பது மட்டும் தெரியும்.

"கேக்கட்டும். நானும் அதைத்தான் கேட்டுட்டு இருக்கேன்," என்றாள் அவள்.

அவள் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். லொள்ளு கதவைச் சாத்தப் போனான். இருக்கட்டும், நானே சாத்திக்கொள்கிறேன் என்றாள். பாஸ் மறுபடி இன்ஸ்பெக்டரை அழைத்தார். இந்தத் தடவை எதிர்முனையில் பெருமூச்சு இல்லை. குவாரிக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். முக்குளிப்பவர்கள் வர நாளை ஆகிவிடும், அந்தத் தண்ணீரில் எதையும் நம்பி இறங்க முடியாது என்றும் சொன்னார்.

பிறகு பாஸ் லொள்ளுவைப் பார்த்தார். அவன் கேட்காமலே புரிந்துகொண்டு தன் போனை எடுத்தான். முதல் மணியிலேயே அண்ணன் எடுத்துவிட்டார். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் இரைந்தது, ஏரிக்கரையில்தான் இருந்தார். இவன் பேசுவதற்கு முன்னாலேயே அவர் பேசினார். இன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மதகுப் பக்கம் ஏதோ தெரிந்தது, பதறிப்போய் ஓடினேன், பார்த்தால் மரக்கிளை. கிளை என்று தெரிந்ததும் ஒரு பக்கம் சந்தோஷமாக இருந்தது தம்பி என்றார்.

"அண்ணே, அங்கே நிக்க வேண்டாம். வீட்டுக்குப் போங்க. நாங்க வர்றோம்."

"கிடைச்சுட்டாளா?"

"எங்கேன்னு தெரியும்ண்ணே."

"தண்ணியா?"

"ஆமாண்ணே. ஆனா இந்த ஏரி இல்லை."

அவர் அழவில்லை. மாப்பிள்ளை என்ன ஆனார் என்றும் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அல்லது அதுவும் காற்றுதானோ என்னவோ. பிறகு, வகுப்பில் பின்பெஞ்சில் இருக்கும் பிள்ளை சந்தேகம் கேட்பதுபோல் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாளா தம்பி?"

பாஸ் போனை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். லொள்ளு கொடுக்கவில்லை.

"இல்லண்ணே. அடிச்ச அடியில நினைவு போயிருக்கும். அவங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அண்ணன், சரி தம்பி என்றார். அப்பாடா என்றுகூடச் சொன்ன மாதிரி இருந்தது. போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் பின்சீட்டுப் பெண்ணின் கண்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பாஸ் வண்டியைக் கிளப்பினார். சாலையில் ஏறிய பிறகுதான் பேசினார்.

"விசாரணையில அவர் காதுல எல்லாம் விழத்தான் போகுது."

"தெரியும் பாஸ்," என்றான் லொள்ளு. "இன்னிக்கு ஒரு நாள் தூங்கட்டும்."